கன்றின் வலியை உமிழ்நீரில் தேடுவது: ஒரு கார்டிசால் கிட்டின் மதிப்புரை

சாலிமெட்ரிக்ஸ் நிறுவனத்தின் உமிழ்நீர்க் கார்டிசால் எலைசா கிட் மனித உமிழ்நீருக்காக உருவாக்கப்பட்டு, அதற்காகவே சரிபார்க்கப்பட்ட ஒரு பொருள்; அயர்ச்சியின்போது சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனை எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் சோதனைப் பெட்டி. தேர்வெழுதப் போகும் மாணவர், இரவுப் பணி பார்க்கும் செவிலியர், மேடை ஏறும் பேச்சாளர் ஆகியோரின் அயர்ச்சியை, அதாவது உடலும் மனமும் படும் அழுத்தத்தை, அளக்க உளவியல் ஆய்வகங்கள் அதை வாங்குகின்றன. நாங்கள் அதை வாங்கியது, கனடாவின் தெற்கு ஆல்பர்ட்டாவில் இளவேனில் காலத்தில் சூட்டுக்குறி இடப்படும் இரண்டு மாத இறைச்சி மாட்டுக் கன்றுகளுக்காக. கிட் தன் வேலையைச் செம்மையாகச் செய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது தரும் எண்ணைக் 'கன்றின் வலி' என்று வாசிக்கலாமா என்பது வேறு கேள்வி. வாங்க நினைப்பவர்கள் பணத்தைச் செலவிடும் முன் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வட அமெரிக்கப் புல்வெளிப் பண்ணைகளில் பல உரிமையாளர்களின் மாடுகள் ஒரே மேய்ச்சல் நிலத்தில் கலந்து திரிவதால், காதில் மின்னணு வில்லை மாட்டப்பட்டிருந்தாலும், தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும் அடையாளமாகச் சூட்டுக்குறி இன்றும் வழக்கில் இருக்கிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தோலில் சில விநாடிகள் அழுத்தினால் மயிர்க்கால்கள் கருகி, மயிர் முளைக்காத தழும்பு நிலைத்துவிடும். இதற்கு மாற்றாக உள்ள உறைகுறி முறையை வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீத் ஃபாரல் 1960களில் அறிமுகப்படுத்தினார். மைனஸ் 196 பாகை செல்சியசில் இருக்கும் திரவ நைட்ரஜனிலோ, உலர்பனிக்கட்டியும் ஆல்கஹாலும் கலந்த கலவையிலோ குளிர்வித்த உலோகத்தை அழுத்தினால் நிறமிச் செல்கள் மட்டும் அழிந்து, அந்த இடத்தில் வெள்ளை மயிர் வளரும். இவ்விரண்டில் எது கன்றுக்குக் குறைந்த துன்பம் தருகிறது, வலிநிவாரணி கொடுத்தால் எவ்வளவு குறைகிறது என்பனவற்றை அளக்கவே இத்தகைய கிட்டுகள் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தன.

அயர்ச்சியின்போது மூளையின் ஹைப்போதலாமசில் தொடங்கும் கட்டளை பிட்யூட்டரி வழியாக அட்ரீனல் சுரப்பியின் புறணியை அடைந்து கார்டிசாலைச் சுரக்கச் செய்கிறது. இரத்தத்தில் அது சில நிமிடங்களில் உயரத் தொடங்கி, ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொடுகிறது. இரத்தத்தில் உள்ள கார்டிசாலின் பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்திருக்க, பிணையாத சிறு பகுதி மட்டுமே உமிழ்நீருக்குள் கசிகிறது. அந்த ஏற்றமும் சற்றுத் தாமதமாகவே தெரிகிறது. கழுத்துச் சிரையில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பதே கன்றுக்கு அயர்ச்சி தருவதால், அளக்கும் செயலே அளவைக் கெடுக்கும் சிக்கல் இரத்த முறையில் உண்டு. உமிழ்நீரைத் தேர்ந்தெடுக்க அதுவே முதற்காரணம். மனிதனிலும் மாட்டிலும் கார்டிசால் மூலக்கூறு ஒன்றேதான் என்பதால் மனிதக் கிட் மாட்டுக்கும் பொருந்துகிறது. ஆயினும் மூலக்கூறு ஒன்று என்பதாலேயே அது கரைந்திருக்கும் திரவமும் ஒன்றாகிவிடாது என்பதைக் கீழே சொல்கிறேன்.

கிட்டின் மையம் 96 குழிகள் கொண்ட தட்டு. குழிகளின் சுவர்களில் கார்டிசாலைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் பூசப்பட்டிருக்கிறது; மாதிரியில் உள்ள கார்டிசாலும், நொதி இணைத்த கார்டிசாலும் அந்த எதிர்ப்பொருளுக்காகப் போட்டியிடுகின்றன. ஆகவே நிறம் எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவுக்குக் கார்டிசால் அதிகம். புதிதாக வருபவர்கள் முதல் தட்டில் இதைத் தலைகீழாக வாசித்துக் குழம்புவது வழக்கம். ஒரு குழிக்கு 25 மைக்ரோலிட்டர் உமிழ்நீர் போதும். ஒரு டெசிலிட்டருக்கு 0.012 முதல் 3.000 மைக்ரோகிராம் வரை ஆறு தர அளவுகள் (ஒப்பிடுவதற்கான, கார்டிசால் அளவு முன்பே தெரிந்த கரைசல்கள்) கொடுக்கப்படுகின்றன. அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம் குலுக்கி, கழுவி, நிறமூட்டும் கரைசல் சேர்த்து அரை மணி நேரம் காத்திருந்து, நிறுத்தும் கரைசலிட்டு 450 நானோமீட்டரில் வாசிக்க வேண்டும். காலையில் தொடங்கினால் மதிய உணவுக்கு முன் எண்கள் கைக்கு வந்துவிடும்.

வரவுசெலவுத் திட்டம் போடுபவர்களுக்கு ஒரு கணக்கு. தர அளவுகள் ஆறு, பூச்சியக் குழி, பின்னணிக் குழி, உயர்ந்த, தாழ்ந்த கட்டுப்பாடுகள் ஆக மொத்தம் பத்தையும் இரட்டையாக வைத்தால் 20 குழிகள் போய்விடும். எஞ்சும் 76 குழிகளில் இரட்டை வாசிப்புக்கு 38 மாதிரிகள் மட்டுமே அடங்கும். ஒரு கன்றுக்கு ஆறு நேரப் புள்ளிகள் என்றால் ஒரு தட்டில் ஆறு கன்றுகள் அடங்கி இரண்டு இடங்கள் மிஞ்சும். 36 கன்றுகள் கொண்ட நடுத்தரமான ஆய்வுக்கே ஆறு தட்டுகள் வேண்டும். மாதிரிகளை ஒற்றையாக வைத்து மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணாதீர்கள். கன்றின் உமிழ்நீரில் கோழை அதிகம்; பிப்பெட்டின் நுனியில் ஓர் இழை ஒட்டினால் போதும், அளவு தவறிவிடும். இரட்டை வாசிப்பு இல்லாவிட்டால் அந்தத் தவறு கண்ணில் படவே படாது. ஒரே கன்றின் எல்லா நேரப் புள்ளிகளையும் ஒரே தட்டில் வையுங்கள். தட்டுக்குத் தட்டு இருக்கும் சிறு வேறுபாடு கன்றுக்குள்ளான மாற்றத்தோடு கலந்துவிடக் கூடாது.

கிட்டில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லப்படாத ஒன்று. நொதிக் கரைசலை நீர்க்கச் செய்யும் திரவத்தில் அமில காரச் சுட்டி கலந்திருக்கிறது. மாதிரியின் பி.எச் மிகத் தாழ்ந்தால் குழி மஞ்சளாகவும், மிக உயர்ந்தால் ஊதாவாகவும் மாறி, அந்த எண்ணை நம்பாதே என்று எச்சரிக்கும். மனித உமிழ்நீர் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியது. அங்கே இது அவ்வளவு பயன்படுவதில்லை. மாட்டின் உமிழ்நீரோ முதல் இரைப்பையின் அமிலத்தைத் தணிக்கும் பொருட்டுப் பைகார்பனேட்டு மிகுந்து, பி.எச் 8ஐத் தாண்டிக் காரமாக இருப்பது. அசை போடத் தொடங்கிய கன்றின் மாதிரிகளை அளப்பவருக்கு இந்தச் சுட்டி ஓர் இலவசக் காவலர். அதனுடன், நீர்க்கச் செய்த மாதிரிகள் நேர்கோட்டில் இறங்குகின்றனவா, தெரிந்த அளவு கார்டிசாலைச் சேர்த்தால் அதே அளவு திரும்பக் கிடைக்கிறதா என்ற இரு சோதனைகளையும் கன்றின் உமிழ்நீரிலேயே செய்து பார்த்த பிறகுதான் உண்மையான மாதிரிகளைத் தொட வேண்டும். மனிதருக்குச் சரிபார்த்த பொருள் என்பதால் இந்தப் பொறுப்பு நிறுவனத்தின் மேல் இல்லை, வாங்குபவரின் மேல்தான்.

எதிர்ப்பொருளின் குறுக்கு வினையையும், அதாவது கார்டிசால் அல்லாத பொருள்களையும் அது எவ்வளவு பிடிக்கிறது என்பதையும், கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். டெக்ஸாமெத்தசோனோடு அது ஏறத்தாழ 19 விழுக்காடு வினைபுரிகிறது. ஆகவே வேறு ஏதோ நோய்க்கு அந்த ஸ்டீராய்டு ஊசி போடப்பட்ட கன்று ஒன்று தொகுதியில் இருந்தால், அதன் எண் கன்றின் சொந்த ஹார்மோனைக் காட்டாது. சூட்டுக்குறி ஆய்வுகளில் வலிநிவாரணியாகப் பயன்படும் மெலாக்சிகாம் ஸ்டீராய்டு அல்லாத மருந்து. அதனால் இந்தத் தொல்லை இல்லை.

இனிக் களத்துக்கு வருவோம். கிட்டின் துல்லியம் ஆய்வகத்தில் எவ்வளவு உயர்ந்ததாயினும், கன்றின் வாயிலிருந்து துணிச்சுருள் வெளியே வரும்வரைதான் எல்லாம் தீர்மானமாகிறது. குழந்தைகளுக்கான நீண்ட உறிஞ்சு சுருளின் ஒரு முனையை இடுக்கியால் பற்றிக்கொண்டு, மறுமுனையைக் கன்றின் கன்னத்துக்கும் பற்களுக்கும் இடையே செலுத்தி, அது மென்று நனைக்கும் வரை காத்திருக்க வேண்டும். கையால் பிடித்தால் சுருள் தொண்டைக்குள் போய்விடும் அபாயம் உண்டு. தாயிடம் இப்போதுதான் பால் குடித்த கன்றாக இருந்தால் சுருளில் பால் ஏறிவிடும். பாலிலும் கார்டிசால் இருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்ட கன்றின் சுருளில் இரத்தம் ஏறினால், உமிழ்நீரைவிடப் பன்மடங்கு கார்டிசால் கொண்ட அந்த ஒரு துளி முழு மாதிரியையும் பயனற்றதாக்கிவிடும். இளஞ்சிவப்பாகத் தெரியும் சுருளை அந்த இடத்திலேயே எறிந்துவிட்டு வேறொன்று எடுப்பதே நல்லது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உறைபெட்டிக்குள் போடப்படும் சுருள்கள் எப்படியோ தட்டுக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றன. சேகரித்தவற்றை உறைய வைத்து, உருகவிட்டு, 1,500 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றினால் கோழை அடியில் படிந்து தெளிந்த நீர் மேலே கிடைக்கும். உறைதலும் உருகுதலுமே கோழையை உடைப்பதால், அவசரத்தில் புதிய மாதிரியை நேராகச் சுழற்றுவது பயன் தராது.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். தட்டு ஓர் எண்ணைத் தருகிறது. சூட்டுக்குப் பின் 30ஆவது நிமிடத்தில் கார்டிசால் உயர்ந்திருக்கிறது. எதனால் உயர்ந்தது? அந்தக் கன்று அன்று காலை தாயிடமிருந்து பிரிக்கப்பட்டது, குதிரைகளும் நாய்களும் துரத்த, அறியாத தொழுவத்துக்குள் தள்ளப்பட்டது, வரிசையில் காத்திருந்தது, மேசையில் கவிழ்த்துப் பிணிக்கப்பட்டது, வாயில் துணி திணிக்கப்பட்டது, பல பண்ணைகளில் அதே நிமிடத்தில் காயடிப்பும் தடுப்பூசியும் நடந்திருக்கும். இரும்பு பட்டது இவற்றில் ஒன்றே ஒன்று. கார்டிசால் இவை எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் பதில் சொல்கிறது. கிட்டின் உணர்திறனை எவ்வளவு கூட்டினாலும் இந்தக் கலப்பு பிரியாது. அதைப் பிரிப்பது ஆய்வின் வடிவமைப்பு மட்டுமே. அறை வெப்பநிலையில் உள்ள இரும்பை அதே நேரம், அதே இடத்தில் அழுத்திப் போலிச் சூடு கொடுத்த ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்த ஆய்வுக்கும் இந்தக் கிட்டைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சிக்கலும் அல்ல. டெக்சாசில் டொனால்ட் லே குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்று கலப்பினக் கன்றுகளைப் பற்றியது. மனிதர் கைபடாமல் வளர்ந்த கன்றைப் பிடிப்பதே அதை உலுக்கிவிடும் என்பதால், கையாளுதலுக்குப் பழகிய கறவைப் பசுக்களை வைத்தும் அவர்கள் தனியாக ஓர் ஒப்பீடு செய்தார்கள். கன்றுகளில் சூட்டிரும்பின் விளைவு முதல் அரை நிமிடத்தில் எபிநெஃப்ரின் ஏற்றமாகத் தெரிந்தது. அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதியிலிருந்து நொடியில் பாய்ந்து நிமிடங்களில் மறையும் அந்த ஹார்மோனை உமிழ்நீர்க் கிட் ஒருபோதும் பிடிக்காது. கனடாவின் சஸ்காட்சுவானில் கேரன் ஷ்வார்ட்ஸ்காப்-ஜென்ஸ்வைனும் ஜோசப் ஸ்டூக்கியும் 1997இல் வெளியிட்ட ஆய்வுகளோ கார்டிசாலின் மேல் நம்பிக்கை தருபவை. சூட்டிரும்பு, உறைகுறி, போலிச் சூடு ஆகிய மூன்று குழுக்களை ஒப்பிட்டபோது, சூடு பட்ட மாடுகளின் இரத்தக் கார்டிசால் 20ஆவது நிமிடத்தில் மற்றவற்றைவிட உயர்ந்திருந்தது. அவர்கள் கார்டிசாலை மட்டும் நம்பி இருக்கவில்லை. கழுத்துப் பிடியில் எடைமானிகளைப் பொருத்தி மாடு எவ்வளவு விசையோடு திமிறியது என்று அளந்தார்கள். தலையசைவைப் படம்பிடித்துக் கணக்கிட்டார்கள். அகச்சிவப்புக் கருவியால் தோலின் வெப்பத்தைப் பதிவு செய்தார்கள். திமிறலின் விசை அந்த நொடியைச் சொல்கிறது, கார்டிசால் அடுத்த ஒரு மணி நேரத்தைச் சொல்கிறது, தோலின் வெப்பம் அடுத்த வாரத்தைச் சொல்கிறது.

'பூச்சிய நிமிடம்' என்று நாம் எழுதிக்கொள்ளும் முதல் மாதிரியைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். வரிசையில் நெடுநேரம் நின்ற கன்று மேசைக்கு வரும்போதே அதன் கார்டிசால் ஏறிய நிலையில் இருக்கும். அதைத் தொடக்க அளவாகக் கொண்டால், பிறகு வரும் ஏற்றம் சிறுத்துத் தோன்றும். சில கன்றுகளில் சூட்டுக்குப் பின் அளவு குறைந்ததுபோலக் கூடத் தோன்றி, 'கன்று ஒன்றும் உணரவில்லை' என்ற அபத்தமான முடிவுக்கு இட்டுச் செல்லும். முந்தைய நாளிலேயே ஓர் அமைதியான மாதிரி எடுத்து வைப்பதும், கூண்டுக்கும் சுருளுக்கும் கன்றுகளை முன்கூட்டிப் பழக்குவதும், குழுக்களை வரிசையில் கலைத்துப் போடுவதும் தவிர வேறு வழியில்லை. இதற்கு ஆகும் ஆள்கூலி கிட்டின் விலையைவிடக் கூடுதல் என்பதை எந்த விற்பனைச் சிற்றேடும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.

கிட்டின் இன்னொரு எல்லை காலம் சார்ந்தது. கார்டிசால் சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கிவிடும், காயம் இறங்காது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கசாண்ட்ரா டக்கர் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சூட்டுக்குறிக் காயம் ஆறக் குறைந்தது எட்டு வாரங்கள் ஆயின. அந்தக் காலம் முழுவதும் காயப்பட்ட தோல், படாத தோலைவிட மெல்லிய தொடுதலுக்கே அதிகமாக எதிர்வினை காட்டியது. ஒருமுறை போட்ட ஃபிளூனிக்சின் என்ற வலிநிவாரணி ஊசி ஆறுதலை விரைவுபடுத்தவும் இல்லை. உமிழ்நீரை மட்டும் அளந்த ஒருவர் அதே கன்றைப் பற்றி 'மாலைக்குள் இயல்புநிலை திரும்பியது' என்று எழுதியிருப்பார். அவர் எழுதியதில் பொய்யும் இருந்திருக்காது. வாரக்கணக்கிலான அயர்ச்சிக்கு மயிரில் சேரும் கார்டிசாலை அளக்கும் முறை இருக்கிறது. ஆனால் தழும்பின் உணர்திறனை அறிய விசைமானியின் நுனியால் மெல்ல அழுத்திப் பார்ப்பதுபோல நேரான வழி வேறில்லை.

கண்ணோரத்து வெப்பத்தை அளக்கும் அகச்சிவப்புக் காமிராவை இந்தக் கிட்டுக்குப் போட்டியாக நிறுத்துபவர்கள் உண்டு. கன்றைத் தொடவே தேவையில்லை என்பது அதன் பெரும் வசதி. வெயில், காற்று, தூரம், கோணம் எல்லாம் அளவை மாற்றிவிடும் திறந்தவெளிப் பண்ணையில் அதைத் தனித்து நம்ப எனக்குத் தயக்கம்தான். கிட்டோடு சேர்த்து வைத்தால் நல்ல துணை.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிக்கும் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வகுத்துரைத்த முறையில் செய்யப்படும் சூட்டுக்குறியையும் மூக்கணாங்கயிறு குத்துவதையும் வதை என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. அடையாளத்துக்கு இப்போது 12 இலக்கக் காது வில்லை வந்துவிட்டாலும், நாட்டு வைத்தியமாக மாட்டுக்குச் சூடு போடும் வழக்கம் கிராமங்களில் முற்றிலும் நின்றுவிடவில்லை. அதன் விலை மாட்டுக்கு என்ன என்பதை அளக்க விரும்பும் ஒருவருக்கு, கையாளுதலுக்குப் பழகிய நம் வீட்டு மாடுகள் ஆல்பர்ட்டாவின் மேய்ச்சல் கன்றுகளைவிட நல்ல தொடக்க அளவைக் கொடுக்கும். தட்டு வாசிப்பானும், குளிர்ந்த சுழற்பொறியும், 2 முதல் 8 பாகைக்குள் கிட்டை வைத்திருக்கத் தடைபடாத மின்சாரமும் கைவசம் இருந்தால் போதும்.

வாங்குவதென்று முடிவெடுத்தவர்களுக்கு: முழு ஆய்வுக்கும் தேவையான தட்டுகளை ஒரே தொகுதி எண்ணில் ஒன்றாகக் கேட்டு வாங்குங்கள். முதல் தட்டைச் சரிபார்ப்புக்கென்றே ஒதுக்குங்கள். போலிச் சூட்டுக் குழுவைக் குறைத்துத் தட்டுகளை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அதற்குப் பதிலாக நேரப் புள்ளிகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.